எந்தப் பொருளை எப்படிக் காட்டுவது? அருங்காட்சியகத்தின் முன்னுள்ள வழிகள்

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் மூலப் படி தோலில் எழுதப்பட்டது. 1841இல் அதை வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகக் கட்டடத்தில், ஜன்னலுக்கு எதிரே மாட்டினார்கள். 1876 வரை, 35 ஆண்டுகள், அது அங்கேயே இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் மை வெளிறிவிட்டது. இன்று அந்த ஆவணம் ஆர்கான் வாயு நிரப்பிய பேழைக்குள், குறைந்த வெளிச்சத்தில் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்துகள் பலவற்றைத்தான் இப்போது வெறும் கண்ணால் படிக்க முடியவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை 2023 ஆகஸ்டில் வெளியானது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 2,000 பொருட்கள் திருடு போயும், காணாமலும், சேதமடைந்தும் இருப்பது தெரியவந்தது. பெரும்பாலும் இருப்பறையில் இருந்த சிறிய நகைகள், செதுக்கிய ரத்தினக் கற்கள். அவற்றில் பலவற்றுக்கு ஒழுங்கான பதிவே கிடையாது. பொதுமக்கள் கண்ணில் படாமல், பூட்டிய அறைக்குள் இருந்தபடியே அவை போய்விட்டன.

முதலாவது எல்லோரும் பார்த்ததால் கெட்டது. இரண்டாவது யாரும் பார்க்காததால் தொலைந்தது. ஆகவே காட்சியை ஒரு தட்டிலும் பாதுகாப்பை இன்னொரு தட்டிலும் வைத்து, இது கூடினால் அது குறையும் என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சர்வதேச அருங்காட்சியகக் குழு 2022இல் பிராகில் ஏற்றுக்கொண்ட புதிய வரையறையும் பாதுகாப்பது, காட்சிப்படுத்துவது, எல்லோருக்கும் திறந்திருப்பது ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. ஓர் அருங்காட்சியகம் முழுவதற்கும் ஒரே கொள்கை என்று முடிவெடுப்பதுதான் தவறு என்பது என் கருத்து. கேள்வியைப் பொருளுக்குப் பொருள் கேட்க வேண்டும்: இந்தக் குறிப்பிட்ட பொருளை எந்த வழியில் காட்டினால் அதற்கு என்ன இழப்பு, பார்ப்பவருக்கு என்ன லாபம்? கீழே வழிகளை அப்படித்தான் ஒப்பிடுகிறேன். கல், உலோகம், துணி, காகிதம், ஓலை என்று எல்லாமும் கலந்து கிடக்கிற, ஆட்களும் பணமும் குறைவாக உள்ள நடுத்தர அருங்காட்சியகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தின் கணக்கு

ஈரப்பதம், வெப்பம், தூசு, பூச்சி எல்லாம் பொருள் இருப்பறையில் இருந்தாலும் தாக்கும். அவற்றைக் காட்சிக்கூடத்திலும் கட்டுப்படுத்தலாம். வெளிச்சம் மட்டும் அப்படி இல்லை. பார்க்க வேண்டுமென்றால் ஒளி பட்டாக வேண்டும். ஒளி பட்டால் சாயம் மங்கும். இரவில் விளக்கை அணைத்தால் பொருள் தேறி வருவதும் கிடையாது. லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. 50 லக்ஸ் வெளிச்சத்தில் 10 மணி நேரமும் 500 லக்ஸ் வெளிச்சத்தில் 1 மணி நேரமும் ஏறத்தாழ ஒரே அளவு சேதத்தைத்தான் செய்கின்றன. கைமுதலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழிப்பது போல. இங்கே வட்டி வராது, போட்டு நிரப்பவும் முடியாது.

காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வரை என்பது பல காலமாகப் புழங்கும் அளவு. 50 லக்ஸ் இருந்தால் ஆபத்தே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்த எண், மனிதக் கண் நிறங்களைப் பிரித்துப் பார்க்கத் தேவையான குறைந்த வெளிச்சம் எது என்பதிலிருந்து வந்தது. அந்த வெளிச்சத்திலும் சேதம் நடக்கும், மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 லக்ஸ், நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால், எல்லாவற்றையும் பெருக்கி 1,20,000 லக்ஸ் மணி. சாயங்களின் உறுதியை அளக்க நீலக் கம்பளித் துண்டுகளால் ஆன எட்டுப் படி அளவுகோல் ஒன்று உண்டு. அதில் முதல் படியில் இருக்கும் மிக மென்மையான சாயம், புற ஊதாக் கதிரை முழுக்க வடிகட்டிய பிறகும், சுமார் 3 லட்சம் லக்ஸ் மணியில் கண்ணுக்குத் தெரியும் அளவு மங்கத் தொடங்கும். அதாவது இரண்டரை ஆண்டு! அதே வெளிச்சத்தில் நான்காம் படிச் சாயம் எண்பது ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். இரண்டும் ஒரே பேழையில் அருகருகே இருக்கலாம். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. அதனால்தான் ‘துணிகளுக்கு இந்த விதி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவைப்பது போதாது என்கிறேன். ஊசிமுனை அளவு புள்ளியில் மட்டும் வலுவான ஒளியைச் செலுத்தி அந்தச் சாயம் எவ்வளவு வேகமாக மங்கும் என்று அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. எல்லா இடத்திலும் அது கிடைக்காது. கிடைக்காதபோது மிக மோசமான நிலையை எடுத்துக்கொண்டு முடிவு செய்வதே நல்லது.

இழந்த நிறத்தை மீட்க முடியுமா? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ வரைந்த பெரிய ஓவியங்களை 1964இல் பெரிய ஜன்னல்கள் கொண்ட ஓர் உணவுக்கூடத்தில் மாட்டினார்கள். அவர் கலந்த சிவப்பு நிறமி வெயில் தாங்காத வகை. 1979க்குள் ஓவியங்களைக் கழற்றி இருப்பறைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. 2014இல் ஒரு புதுவழி கண்டார்கள். ஓவியத்தின் மேல் கை வைக்கவில்லை. கணினியில் கணக்கிட்ட வண்ண ஒளியை அதன் மேல் பாய்ச்சி, பழைய நிறம் போலத் தோன்றச் செய்தார்கள். மாலை 4 மணிக்கு அந்த ஒளியை அணைத்துவிடுவார்கள். மங்கிய உண்மை நிலையையும் மக்கள் பார்த்தார்கள். அழகான தீர்வு, ஆனால் மீட்டது தோற்றத்தை மட்டும்தான். இதைச் செய்யும் வசதி உலகில் எத்தனை அருங்காட்சியகங்களுக்கு இருக்கும்?

நிரந்தரக் காட்சியா, முறை வைத்தா

கல், சுட்ட மண், கண்ணாடி ஆகியவற்றுக்கு நிரந்தரக் காட்சியே சரி. வெளிச்சம் அவற்றைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. வெண்கலத்துக்கும் ஒளி பிரச்சினை இல்லை. அதற்கு எதிரி ஈரம். மண்ணிலிருந்து உப்பை உறிஞ்சிய வெண்கலம் ஈரக்காற்றில் வெளிர்பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கும். உலர்ந்த, மூடிய பேழை கிடைத்தால் அதுவும் ஆண்டு முழுவதும் மக்கள் முன் இருக்கலாம். இவற்றை இருப்பறையில் அடைத்துவைப்பதற்கு ‘பாதுகாப்பு’ என்று காரணம் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல.

சாயமிட்ட துணி, நீர்வண்ணம், பழைய புகைப்படம், வண்ணம் தீட்டிய சுவடி ஆகியவற்றுக்குச் சுழற்சி முறைதான் வழி. இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடம். ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் ஆங்கில ஓவியர் டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்களை அதற்கு உயில் எழுதிவைத்தார். 1900இல் அவை வந்து சேர்ந்தன. ஆண்டில் ஜனவரி மாதம் மட்டுமே, கட்டணமில்லாமல் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வடக்கு நாட்டின் குளிர்காலத்தில் வெயில் மிகக் குறைவு என்பதால் அந்த மாதம். நீர்வண்ணங்களை ஒளி மங்கச்செய்கிறது என்பதை ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் ஆராய்ந்து பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்தது 1888இல்தான். அந்தக் காலத்திலேயே ஒரு தனிமனிதர் அதைத் தன் உயிலில் எழுதிவிட்டார்.

இப்போது எண்ணைப் பாருங்கள். ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணையம் 2004இல் மிக மென்மையான பொருட்களுக்குப் பரிந்துரைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 15,000 லக்ஸ் மணி. 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் காட்டினால் 37 நாளில் அது தீர்ந்துவிடும். 31 நாள் ஜனவரி அதற்குள் அடங்குகிறது. அளக்கும் கருவி எதுவும் இல்லாமல் எழுதிய உயில், நூறாண்டுக்குப் பின் வந்த கணக்கோடு இவ்வளவு ஒத்துப்போவது எனக்குப் பெரிய வியப்பு.

ஜப்பானில் தேசியச் செல்வங்களாகவும் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளாகவும் அறிவிக்கப்பட்ட மென்மையான பொருட்களை ஆண்டுக்கு 60 நாளுக்கு மேல் காட்டுவதில்லை என்பது பொது விதி. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டிலிருந்து வந்த சுமார் 9,000 பொருட்கள் உள்ளன. 1946 முதல் இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம், சில பத்துப் பொருட்களை மட்டும் எடுத்து நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். மக்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். எப்போதும் கிடைக்காது என்பதே வரவழைக்கிறது.

சுழற்சிக்கும் செலவு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் பொருளைக் கையால் தூக்க வேண்டும். சேதங்களில் கணிசமானவை தூக்கி மாற்றும்போதுதான் நேர்கின்றன. மாற்றுப் பொருள் வேண்டும், விளக்கப் பலகைகளைத் திரும்ப எழுத வேண்டும். ஒரே ஒரு புகழ்பெற்ற துணிதான் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள் என்றால் சுழற்சி மட்டும் போதாது. தூரத்திலிருந்து வருகிறவர் ஏமாந்து திரும்பக் கூடாது. அந்தப் பொருள் எந்த மாதங்களில் வெளியே இருக்கும் என்பதை ஓராண்டு முன்பே அறிவித்துவிடுவது குறைந்தபட்சக் கடமை.

பொருளை அசைக்கவே முடியாத இடத்தில் ஆட்களை முறை வைக்கிறார்கள். மிலானில் டா வின்சியின் ‘கடைசி இராவுணவு’ சுவரோவியத்தைச் சிறு குழுவாக 15 நிமிடம் மட்டும் பார்க்கலாம். முன்பதிவு கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் கிடைத்தவர் நெரிசல் இல்லாமல் பார்க்கிறார்.

நகல் எப்போது உதவும்

பிரான்ஸில் வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகை 1940இல் கண்டுபிடிக்கப்பட்டு 1948இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஐம்பதுகளின் நடுவில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே போனார்கள். அவர்களின் மூச்சுக்காற்றும், ஈரமும், உடல் வெப்பமும், விளக்கொளியும் சேர்ந்து சுவர்களில் பாசியையும் சுண்ணப் படிவையும் வரவழைத்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாங்கிய ஓவியங்கள் 15 ஆண்டுகளில் ஆட்டம் கண்டன. 1963இல் குகையை மூடினார்கள். அதற்குப் பிறகும் பூஞ்சைத் தொல்லை விடவில்லை. மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. திறந்தபோது மாறிய சூழல் பழையபடி திரும்பவில்லை.

1983இல் முதல் நகல் குகை வந்தது, அசலிலிருந்து சுமார் 200 மீட்டர் தொலைவில். அதைப் பார்க்க வந்த கூட்டமும் வாகனங்களும் அந்தக் குன்றுக்கே சுமையாயின. 2016இல் திறந்த புதிய முழு நகலைக் குன்றின் அடிவாரத்தில் வைத்தார்கள். அதே நாட்டின் இன்னொரு ஓவியக் குகையான ஷோவேயில் இந்தப் பாடத்தை முன்கூட்டியே பயன்படுத்தினார்கள். 1994இல் கண்டுபிடித்ததும் மக்களுக்குத் திறக்கவே இல்லை. 2015இல் நகலைத் திறந்தார்கள்.

ஸ்பெயினின் அல்டாமிரா ஓவியக் குகை நடுவழி. 2001இல் நகல் வந்தது, 2002இல் அசல் மூடப்பட்டது, 2014 முதல் சோதனை முறையில் வாரத்துக்கு 5 பேரைக் குலுக்கலில் தேர்ந்து உள்ளே அனுப்பினார்கள். வாரத்துக்கு 5 பேர் என்பது எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் ‘யாருக்குமே இல்லை’ என்பதற்கும் ‘யாருக்கு வேண்டுமானாலும் வாய்ப்பு உண்டு’ என்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. வாய்ப்பு பதவியாலோ பணத்தாலோ வரவில்லை, குலுக்கலில் வந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

பண்டைய எகிப்து அரசன் துட்டன்காமுன் கல்லறையின் துல்லியமான நகல் 2014இல் எகிப்தில் திறக்கப்பட்டது. அசலும் திறந்தே இருக்கிறது. அசல் பக்கத்திலேயே கிடைக்கும்போது நகலோடு நின்றுகொள்ளப் பலருக்கு மனம் வராது. நகல் ஒரு பாதுகாப்பு நடவடிக்கையாக வேலை செய்ய வேண்டுமென்றால் அசலுக்கு வரம்பு போட்டாக வேண்டும். வரம்பில்லாத நகல் கூடுதல் காட்சி மட்டுமே. இன்னொன்று, நகலை நகல் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு நன்றாகச் செய்த நகலைப் பார்த்து மக்கள் நெகிழ்வதில் எந்தக் குறையும் இல்லை.

டிஜிட்டல் வழி

திரையில் பார்ப்பதை அசலைப் பார்ப்பதற்கு மாற்றாகச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். ஆனால் கண்ணால் பார்ப்பதைவிட அது அதிகம் காட்டும் இடங்கள் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2022 தொடக்கத்தில் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 717 கிகாபிக்சல் (71,700 கோடி படப்புள்ளிகள்) அளவில் வெளியிட்டது. தூரிகை இழுத்த தடமும் வண்ணத்தில் விழுந்த நுண்விரிசலும் தெரியும். நேரில் கயிறுக்கு அப்பால் நின்று அதை யாரும் பார்க்க முடியாது. அதே ஓவியத்தை 2019 முதல் கண்ணாடி அறைக்குள் வைத்து, மக்கள் பார்க்கும்போதே ஆராய்ந்து பராமரித்தார்கள். பராமரிப்பு வேலையே காட்சியாகிவிட்டது! இது எந்த அருங்காட்சியகமும் சிறிய அளவில் செய்யக்கூடியது: வாரத்தில் ஒருநாள், ஒரு மேசை, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வேலை செய்யும் ஒருவர்.

ஓலைச்சுவடிக்கு டிஜிட்டல் பதிவைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காய்ந்த ஓலை ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் விளிம்பில் நொறுங்குகிறது, கயிறு போகும் துளை கிழிகிறது. பேழைக்குள் வைத்தாலும் ஒரே ஓர் ஏடுதான் தெரியும். ஒருமுறை கவனமாகப் படமெடுத்து வைத்தால் முழுச் சுவடியையும் எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம், அசல் அசையாமல் இருக்கும்.

சரி, குறைகள்? படமெடுக்கும்போது ஒருமுறை கையாள வேண்டும், வலுவான ஒளி காட்ட வேண்டும். கோப்புகளுக்கும் பராமரிப்பு தேவை. வட்டு கெடும், கோப்பு வடிவம் பழசாகும், பிரதிகள் வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். படத்தை எடுத்துவிட்டு இணையத்தில் சின்னதாக, நடுவில் முத்திரை குத்திப் போடுவது பாதி வேலை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் பதிப்புரிமை நீங்கிய படைப்புகளின் 3,75,000 படங்களை எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்த விட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2020இல் 28 லட்சம் படங்களை விட்டது. அதனால் அசலின் மதிப்பு குறையவில்லை.

பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவு எரிந்தது. சுமார் 2 கோடி பொருட்கள் கொண்ட தொகுப்பின் பெரும்பகுதி போயிற்று. அதன்பின் அருங்காட்சியகவியல் மாணவர்கள், அங்கே முன்பு போனவர்கள் எடுத்த படங்களை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். பார்வையாளர்களின் கைப்பேசியில் இருந்த படங்கள், சில பொருட்களுக்குக் கிடைத்த அரிய பதிவாயின. இதைப் படித்த பிறகு ‘படம் எடுக்கக் கூடாது’ என்ற பலகையைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிளாஷைத் தடுத்தால் போதும்.

இருப்பறையைத் திறந்துவிடுவது

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 80 லட்சம் பொருட்கள் உள்ளன. காட்சியில் இருப்பவை சுமார் 80,000. நூற்றில் ஒன்று. பெரிய அருங்காட்சியகங்களில் இந்த அளவு வித்தியாசம் அபூர்வமல்ல. மீதியை மக்கள் எப்படிப் பார்ப்பது?

வான்கூவரில் உள்ள மானுடவியல் அருங்காட்சியகம் 1976இலேயே இருப்பறையின் ஒரு பகுதியைப் பார்வைக்குத் திறந்தது. ராட்டர்டாமில் 2021இல் திறந்த போய்மான்ஸ் கிடங்கு முழுக்க முழுக்க அதற்காகவே கட்டப்பட்டது. அங்கே 1,51,000 பொருட்களைக் கலைஞர் வரிசையிலோ கால வரிசையிலோ அடுக்கவில்லை. எந்தப் பொருளுக்கு எந்தத் தட்பவெப்பம் தேவையோ அதன்படி அடுக்கியிருக்கிறார்கள். பாதுகாப்பின் தேவையே காட்சியின் ஒழுங்காகிவிட்டது என்பதால் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

கல், மண், உலோகம், மரச்சாமான் போன்றவற்றுக்குத் திறந்த இருப்பறை மிக நல்லது. துணிக்கும் காகிதத்துக்கும் அது ஆகாது. எந்நேரமும் விளக்கெரியும் இருப்பறை, இருப்பறையின் பயனையே கெடுத்துவிடும். இந்த இடத்தில் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025 மே மாதம் திறந்த கிழக்கு லண்டன் கிடங்கு வேறு வழி காட்டுகிறது. அங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. பட்டியலைப் பார்த்து, வேண்டிய பொருளை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்தால் எடுத்து வைத்துக் காட்டுகிறார்கள். ஒரு வருகைக்கு 5 பொருட்கள் வரை. ஆராய்ச்சியாளர் என்ற சான்று தேவையில்லை. மடித்துவைத்த ஆடை, கேட்டவர் முன் மட்டும் சிறிது நேரம் வெளிச்சத்துக்கு வருகிறது. ஒளியின் ஒவ்வொரு நிமிடமும் உண்மையான ஆர்வத்துடன் வந்த ஒருவருக்குப் பயன்படுகிறது. காலியான கூடத்தில் நாள் முழுக்க எரியும் விளக்கோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு சிக்கனமானது!

நடுத்தர அருங்காட்சியகத்துக்குப் புதிய கட்டடம் கட்ட முடியாது. மாதத்தில் இரண்டு நாள், ஒரு நல்ல மேசை, பயிற்சி பெற்ற ஒருவர் என்ற அளவில் இதைத் தொடங்கலாம். ஆனால் பட்டியல் இருந்தால்தான் மக்கள் கேட்க முடியும். இருப்பறையில் இருப்பது இன்னதென்று தெரியாமல் எந்த வழியும் நடக்காது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமே அந்தத் திருட்டுக்குப் பிறகு, பதிவு செய்யாமலும் அரைகுறையாகவும் விட்ட சுமார் 24 லட்சம் பதிவுகளை ஐந்தாண்டில் முடித்து இணையத்தில் ஏற்றுவதாக அறிவித்தது.

தொடுவதும் இசைப்பதும்

தொட்டுப் பார்க்கும் உரிமை பார்வையற்றவர்களுக்கு முழு உரிமையாகவே கிடைக்க வேண்டும். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015இல் சில ஓவியங்களைப் புடைப்பு நகல்களாக்கித் தொட விட்டது. கற்சிற்பங்கள் சிலவற்றில் அசலையே, சுத்தமான கையால், உதவியாளர் ஒருவரோடு தொட விடலாம். கைபட்ட எண்ணெய் கல்லையும் கறையாக்கும் என்பது உண்மை. அதனால் எது தொடத் தகுந்தது என்று முன்பே தேர்ந்து வைக்க வேண்டும். பழைய காகிதத்தைத் தொட வெள்ளைக் கையுறை வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. பெரிய நூலகங்கள் பல அதைச் சொல்வதில்லை. கையுறையில் விரலுணர்வு போய்விடும், தாள் கிழியும். கழுவிய, உலர்ந்த கையே மேல். உலோகத்துக்கும் புகைப்படத்துக்கும் கையுறை சரி.

இசைக்கருவி தனி வகை. குவார்னேரி என்ற கைவினைஞர் 1743இல் செய்து, புகழ்பெற்ற வயலின் கலைஞர் பாகனினி வாசித்த வயலின் ஜெனோவா நகரத்தின் சொத்து. அதை அவ்வப்போது, பாகனினி போட்டியில் வென்றவர் கையில் கொடுத்து வாசிக்க விடுகிறார்கள். 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதிபர் மேடிசனுடைய பளிங்குக் கண்ணாடிப் புல்லாங்குழலைப் பாடகி லிஸ்ஸோவிடம் மேடையில் சில சுரங்கள் வாசிக்கக் கொடுத்தபோது சர்ச்சை எழுந்தது. என் நிலை இது: கண்ணாடிக்கு மூச்சின் ஈரத்தால் வீங்கி வெடிக்கும் ஆபத்து இல்லை, நூலக ஊழியர்கள் கூடவே இருந்தார்கள், லட்சக்கணக்கானோர் முதன்முறையாக அந்தத் தொகுப்பைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். கொடுத்தது சரி. அதுவே பழைய மரக்குழலாக இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். மூச்சின் ஈரம் மரத்தை உள்ளிருந்து பிளக்கும்.

மூடி வைப்பதும், விட்டுவிடுவதும்

காட்டக் கூடாத பொருட்கள் உண்டு. மனித எலும்புகள், ஒரு சமூகம் தன் உறுப்பினரில் சிலர் மட்டுமே பார்க்கலாம் என்று வைத்திருக்கும் சடங்குப் பொருட்கள் ஆகியவற்றில் ‘பொதுமக்கள் பார்க்க வேண்டும்’ என்ற வாதம் தானாக வெல்லாது. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி, பூர்வகுடி மக்களின் எலும்புகளையும் பண்பாட்டுப் பொருட்களையும் காட்டவோ ஆராயவோ அந்தந்தச் சமூகத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அந்த மாதமே இரண்டு பெரிய கூடங்களை மூடியது.

நியூமெக்சிகோவின் சூனி மக்கள் இதற்கும் ஒரு படி மேலே போய் யோசிக்க வைக்கிறார்கள். மரத்தில் செய்த அவர்களுடைய போர்த் தெய்வங்கள் வெயிலிலும் மழையிலும் இயல்பாக மக்கிப்போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அருங்காட்சியகங்கள் அவற்றைக் கொண்டுபோய்ப் பத்திரமாகப் பாதுகாத்தன. 1978 முதல் சூனி மக்கள் கேட்டுக் கேட்டுப் பலவற்றைத் திரும்பப் பெற்றார்கள். திறந்த வெளியில், காவலுள்ள இடத்தில், மக்க விட்டார்கள். அந்தத் தெய்வங்களைப் பொறுத்தவரை பாதுகாத்ததுதான் பொருளுக்குச் செய்த கேடு. யாருடைய பொருளோ அவர்களைக் கேட்காமல் மேலே சொன்ன எந்த வழியையும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

நடுத்தர அருங்காட்சியகத்தில் முடிவு என்னிடம் இருந்தால்

முதல் செலவு பட்டியலுக்கும் படத்துக்கும். ஒரு பொருளுக்கு ஒரு எண், ஒரு படம், எந்த அலமாரி, இப்போது என்ன நிலை. இது முடியாமல் புதுக் காட்சிக்கூடம் திறக்க மாட்டேன். கல், சுட்ட மண், வெண்கலம் ஆகியவற்றை அதிகபட்சம் வெளியே கொண்டுவருவேன். வெண்கலத்துக்கு மட்டும் உலர்ந்த பேழை வாங்கிய பிறகு. ஓலைச்சுவடி முழுதும் இணையத்தில், அசலில் ஒரே ஒரு கட்டு கூடத்தில், நான்கு மாதத்துக்கு ஒருமுறை வேறு கட்டு. சாயத் துணிகளில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ, ஒவ்வொன்றும் ஒரே மாதம். பார்வையாளர் வந்தால் மட்டும் எரியும் விளக்கு அதே ஒளிக்கணக்கில் இன்னும் சில வாரம் சேர்த்துக் கொடுக்கும். பழைய புகைப்படங்களுக்கு நல்ல அச்சுப் பிரதியை மாட்டி, ‘இது பிரதி, அசலைப் பார்க்க இந்த நாளில் வாருங்கள்’ என்று கீழே எழுதுவேன்.

தட்பவெப்பத்தில் எல்லா இடத்திலும் ஒரே துல்லியத்தைத் துரத்த மாட்டேன். பெரிய அருங்காட்சியகங்களே பெரும்பாலான பொருட்களுக்கு 40 முதல் 60 சதவீத ஒப்பு ஈரப்பதமும் 16 முதல் 25 டிகிரி வெப்பமும் போதும் என்று ஏற்றுக்கொண்டுவிட்டன. அந்த மிச்சப் பணம் காட்டும் நாட்களைக் கூட்டப் போகட்டும்.

ஒவ்வொரு மென்மையான பொருளுக்கும் ஓர் அட்டை: எந்தத் தேதியில் வெளியே வந்தது, எத்தனை லக்ஸ், எத்தனை மணி, யார் அனுமதித்தது. முக்கிய விருந்தினர் வருகிறார், இன்னும் ஒரு மாதம் வைத்திருங்கள் என்று மேலிடத்தில் சொன்னால், காப்பாட்சியர் அந்த அட்டையை எடுத்து முன்னால் வைக்கலாம். அதற்குப் பிறகும் வைக்கத்தான் வேண்டும் என்றால், அடுத்த ஆண்டு அந்தப் பொருள் வெளியே வராது என்று அதே அட்டையில் எழுதி, சொன்னவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும்.